எந்தத் தூண்டிலை எடுத்துச் செல்வது?

நாளை விடியற்காலையில் நீங்கள் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பரிசலேறி மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிய அனுமதி பெற்றாயிற்று. பரிசல்காரரிடமும் பேசியாயிற்று. உங்களிடமுள்ள தூண்டிற்கோல்களையெல்லாம் எடுத்து வந்து திண்ணைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறீர்கள். நாலைந்து இருக்கும். பரிசலிலோ இடமில்லை. மூங்கிற் பிளாச்சுகளால் கூடைபோல் முடைந்து, அடியில் தண்ணீர் புகாதபடி தார்ச்சீலையோ பிளாஸ்டிக் சாக்கோ போர்த்திய அந்தப் பரிசலின் குறுக்களவு சாதாரணமாய் ஆறேழு அடிக்குமேல் இராது. அதில் பரிசல்காரர், அவருடைய துடுப்பு, நீங்கள், சோற்று மூட்டை, குடிதண்ணீர் எல்லாம் அடங்கவேண்டும். மிஞ்சிய இடத்தில் இரண்டு கோல் வைக்கலாம். மூன்றாவதை வைத்தால் யாராவது ஒருவர் காலில் முள் ஏறும். எதை எடுப்பது? எதை விடுவது?

நன்மை தீமையைப் பற்றிப் பேசவேண்டிய பக்கத்தில் தூண்டிலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வினையில் இறங்குமுன் தீர எண்ணிப் பார்க்கவேண்டியவை ஐந்து என்று கணக்கிட்ட வள்ளுவர், கருவியையும் அந்த ஐந்தில் ஒன்றாக வைத்திருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, இன்னும் நுட்பமான ஒரு சங்கதியைச் சொன்னார். மனிதன் தன் முடிவான குறிக்கோளை நாடுகிறான், விரும்புகிறான். ஆனால் தேர்ந்தெடுத்தல் என்ற செயல் அந்தக் குறிக்கோளை அடையும் வழிவகைகளைப் பற்றியது என்பது அவருடைய கருத்து. நோயாளி குணமடைய வேண்டுமா வேண்டாமா என்று வைத்தியர் உட்கார்ந்து யோசிப்பதில்லை. எந்த மருந்தைக் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறார். அப்படியானால், மனிதனுடைய தேர்வைக் காணவேண்டுமென்றால் மருந்துப் பெட்டியைத்தான் பார்க்கவேண்டும். மீன் பிடிப்பவனுடைய தேர்வைக் காண அவன் திண்ணையைப் பார்க்கவேண்டும்.

தண்ணீரில் இறங்கிய பிறகு நம் கையில் இருப்பது மிகக் கொஞ்சம். எந்த மீன் வரும் என்பது நம் இஷ்டமில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நுனி மெலிந்து எளிதில் வளையும் சிறு கோலும், மெல்லிய நரம்பும், சிறிய முள்ளும், அதில் ஒரு மண்புழுவும் கொண்டுபோனால் உங்களுக்கு வருவது ஜிலேபிக் கெண்டையும் சிறு கெளுத்தியும்தான். தடித்த கோலும், பெரிய முள்ளும், அதை மூடும்படி பிசைந்த ராகி உருண்டையும் கொண்டுபோனால் சிறு மீன் அதை விழுங்க மாட்டாது. பெரிய கெண்டைக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று பொருள். (கடையில் முள் வாங்குகிற புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: சிறு முள் வகைகளில் நம்பர் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டு போகும். பெரியது வேண்டுமென்று பெரிய நம்பராய்க் கேட்டு வாங்கி வந்து விழிப்பவர்கள் அநேகர்.) ஆகையால் எந்த மீன் என்பதை நீங்கள் கரையிலேயே ஏறக்குறைய முடிவு செய்துவிட்டீர்கள். தண்ணீரில் நடப்பது அந்த முடிவின் மீதி.

இந்த முடிவைத் தவிர்க்க விரும்புகிறவர் ஒருவர் உண்டு. எல்லாக் கோலையும் கட்டாய்க் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். “எது வேண்டுமோ அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம்” என்பார். பரிசல்காரர் பார்த்தவுடனே, “ஏனுங்க, இத்தனையும் எதுக்குங்க? ரெண்ட எடுத்துட்டு மீதிய இங்கயே வெச்சுட்டு வாங்க” என்று சொல்லிவிடுவார். அவர் இடத்துக்காகச் சொல்கிறார். நான் வேறொன்றையும் சேர்த்துச் சொல்வேன். எல்லாவற்றையும் கொண்டுபோகிறவர் தேர்வைத் தவிர்க்கவில்லை, தள்ளிப்போட்டார், அவ்வளவே. தள்ளிப்போட்ட தேர்வை ஆடுகிற பரிசலில், மீன் துள்ளுகிற நேரத்தில், ஆசை மூண்டிருக்கிற மனத்தோடு செய்யவேண்டி வரும். நிதானமாய் யோசிக்கத் திண்ணையைவிட நல்ல இடம் அதுவா?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கோலைத் தொடுமுன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: பிடிக்கிற மீனைத் தின்னப் போகிறீர்களா, திரும்பத் தண்ணீரில் விடப் போகிறீர்களா?

தின்பதற்கென்றால் சங்கதி எளிது. சமையலுக்கு ஆகும் மீனை, வேண்டிய அளவில், விரைவாய்ப் பிடித்து, விரைவாய்க் கொன்று, வீட்டுக்குக் கொண்டுவருவது. அதற்கு ஒரு கோல் போதும். பிடித்து விடுவதற்கென்றால்தான் சிக்கல். மென்மையான கோலும் மெல்லிய நரம்பும் கொண்டு பெரிய மீனைப் பிடிப்பதே கெட்டிக்காரத்தனம் என்றும், மீனுக்கும் தப்ப ஒரு வாய்ப்புக் கொடுப்பதே பெருந்தன்மை என்றும் பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிறவர்களிடையே ஓர் எண்ணம் நெடுநாளாய் உண்டு. கேட்க அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? மெல்லிய நரம்பு அறுந்துவிடும் என்று பயந்து மீனை அவர் இழுக்க முடியாமல் விட்டு விட்டுப் பிடிப்பார். பத்து நிமிஷத்தில் முடியவேண்டியது ஒரு மணி நேரம் நீளும். அத்தனை நேரமும் மீன் தன் முழுப் பலத்தோடு போராடும். அதன் சதையில் அமிலம் சேர்ந்து, மூச்சுக்குத் திணறி, கையில் வரும்போது சோர்ந்து சாய்ந்திருக்கும். சித்திரை வைகாசியில் நீர் வற்றிச் சூடேறிய தேக்கத்தில் கரைந்துள்ள பிராணவாயுவே குறைவு. அப்படிப்பட்ட நீரில் அதை விட்டால் நீந்திப்போவதுபோல் தோன்றும். கண்ணுக்கு மறைந்த பிறகு செத்துப்போவதும் உண்டு. விட்டவருக்கோ புண்ணியம் செய்த திருப்தி. இங்கே தடித்த கோல்தான் இரக்கமுள்ள கோல். அழகாய்த் தோன்றுவது ஒன்று, மீனுக்கு நல்லது வேறொன்று. இதைக் கரையிலேயே தெரிந்துகொள்ளாவிட்டால் பிறகு தெரிந்து பிரயோசனமில்லை.

மீனுக்கு நோகுமா என்று கேட்பீர்கள். 2003இல் ஸ்காட்லாந்தில் டிரவுட் மீன்களை ஆராய்ந்தவர்கள், காயத்தையும் கேட்டையும் உணரும் நரம்பு முனைகள் அவற்றின் வாயிலும் தலையிலும் இருப்பதைக் கண்டார்கள். (நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீனும் அந்த டிரவுட்தான்.) நாம் நோவை உணர்வதுபோல் அது உணர்கிறதா என்பதைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் வழக்கு இருக்கிறது. வழக்குத் தீரும்வரை மீனைக் கல்லாக நினைத்து நடக்க நமக்கு உரிமையில்லை என்பது என் அபிப்பிராயம். தின்பதற்காகக் கொல்வதில் குற்றம் காணாத நான், வேடிக்கைக்காக ஒரு மணி நேரம் வதைப்பதில் குற்றம் காண்கிறேன். பிடித்து விடும் பழக்கத்தையே முழுவதும் தவறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதன் காரணத்தைக் காவேரிக் கரையில் பார்க்கலாம்.

காவேரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழும் ஒரு பெருங்கெண்டை உண்டு. முதுகில் திமில்போல் உயர்ந்திருக்கும். மஹ்சீர் என்று உலகமெங்கும் தெரிந்த குலத்தைச் சேர்ந்தது. 1873இல் சென்னை மாகாண அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியதிலிருந்து இந்தக் குலத்து மீன்களுக்காகச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பலர். 1946இல் மைசூர்ப் பக்கம் கபினியாற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்தது 120 ராத்தல், ஏறக்குறைய 54 கிலோ இருந்தது. இவ்வளவு பேர்பெற்ற மீனுக்கு விஞ்ஞானிகள் சரியான பெயர் சூட்டியது எப்போது தெரியுமா? 2018இல்! நம் அமராவதியில் வந்து கலக்கும் பாம்பாற்றில் கிடைத்ததாக 2007இல் ஒரு கெண்டைக்கு ரேமாதேவி என்ற மீனியல் அறிஞரின் பெயரை இட்டிருந்தார்கள். காவேரியின் திமில் கெண்டையும் அதுவும் ஒன்றே என்று 2018இல் காட்டினார்கள். அதே வருஷத்தில், அழியும் விளிம்பில் நிற்கும் உயிர்களின் உலகப் பட்டியலில் அது ஏறிற்று. பெயர் வந்ததும் மரண அறிவிப்பு வந்ததும் சேர்ந்தே நடந்தன.

அணைகளும், மணல் எடுப்பும், வெடிவைத்து மீன் பிடிப்பதும் அதற்குக் காரணம் என்பார்கள். வெடியும் விஷமும் இட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது, இருந்தும் நடந்தது. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. ஆற்றில் மஹ்சீர் குறைகிறதே என்று கவலைப்பட்ட நல்லவர்கள், 1970களிலிருந்து லோனாவாலாவிலுள்ள குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த வேறொரு மஹ்சீர் வகையைக் கொண்டுவந்து காவேரியில் விட்டார்கள். அது நீலத் துடுப்புடையது. எளிதில் பெருகிற்று. தூண்டில் போட்டவர்களுக்கு மீண்டும் நிறைய மீன் கிடைத்தது. பழைய திமில் கெண்டையோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. இது தெரியவந்ததே தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கால்தான். காவேரிக் கரை முகாம்களில் பிடித்து விட்டவர்கள் ஒவ்வொரு மீனின் வகையையும் எடையையும் பதிந்து வைத்திருந்தார்கள். பல வருஷத்துக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் அடுக்கிப் பார்த்தபோது ஒரு மீனின் இடத்தில் இன்னொரு மீன் ஏறி உட்கார்ந்திருப்பது வெளிப்பட்டது. பிடித்து விடுகிறவர்களை நான் முழுக்கக் கண்டிக்காததற்கு இந்த நோட்டுப் புத்தகங்கள் ஒரு காரணம். “ஆற்றில் மஹ்சீர் வேண்டும்” என்ற குறிக்கோள் நல்லதே. எந்த மஹ்சீர் என்று கேட்காமல் கைக்கு எட்டியதை எடுத்ததுதான் வினையாயிற்று.

இது உங்கள் திண்ணைக்குத் தொலைவான கதையல்ல. பவானியோடு மாயாறு வந்து கூடும் இடத்தில்தான் பவானிசாகர் அணை கட்டப்பட்டது. அந்த மாயாற்றில் திமில் கெண்டை இன்னும் இருக்கிறது. ஆற்றின் பெரும்பகுதி புலிகள் காப்பகங்களுக்குள் ஓடுவதால் அங்கே தூண்டில் போட உங்களை விடமாட்டார்கள். ஆனால் மீனுக்கு எல்லைக்கல் தெரியாது. புதுவெள்ளத்தில் ஒன்று இறங்கி வந்து உங்கள் முள்ளைக் கவ்வினால், அப்போது உங்கள் கையில் எந்தக் கோல் இருக்கவேண்டும்? கட்லாவுக்காகவே போனாலும், வராத அந்த ஒரு மீனுக்காகவும் கோலைத் தெரிவு செய்யவேண்டும் என்கிறேன். விரைவாய்ப் பக்கத்தில் கொண்டுவந்து, தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி அனுப்பும்படியான வலுவான கோல்.

பரிசலில் உங்களோடு இருப்பவரையும் சற்று நினையுங்கள். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவருக்கு அது வயல். சாயங்காலம் அவர் வலையை விட்டுவிட்டு வந்து, விடியற்காலையில் எடுப்பார். உங்களுக்குக் கோல் எப்படியோ, அப்படியே அவருக்கு வலைக்கண். கண் பெரிதாயிருந்தால் குஞ்சுகள் நழுவிப்போகும், வளர்ந்தது மாட்டும். கண் சிறுத்தால் அடுத்த வருஷத்து மீனையும் இந்த வருஷமே வாரிவிடலாம். ஆக அவருடைய தர்ம சங்கடமும் கரையில், வலை வாங்கும் கடையில்தான் நிகழ்கிறது. ஆனால் உம்முடையதையும் அவருடையதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. நீங்கள் யோசிப்பது ஓய்வில். அவர் யோசிப்பது கடனில். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது, பெரிய கண் வலையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது, கேட்பது கஷ்டம்.

இங்கே ஒரு பழைய மனிதரைக் குறிப்பிட ஆசை. 1887இல் நம் கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றிய கையேட்டைத் தொகுத்த பிரெடரிக் நிக்கல்சன், பிறகு குடியானவர்களின் கடன் சுமையை ஆராய்ந்து, கூட்டுறவுச் சங்கங்களே வழி என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அதே மனிதர்தான் பின்னர் சென்னை மாகாணத்து மீன்துறைக்கு அடிகோலியவர். கடனும் வலையும் ஒரே மனிதர் கவனத்துக்கு வந்தது தற்செயலாயிருக்கலாம். எனக்கு அது மிகப் பொருத்தமாய்ப் படுகிறது. ஏழையின் கருவியைத் திருத்தவேண்டுமென்று விரும்புகிறவர் முதலில் அவன் கடன் சீட்டைப் பார்க்கவேண்டும்.

நம் சுவிசேஷத்திலும் கருவியைப் பற்றிய ஒரு சிறு சங்கதி இருக்கிறது; அநேகர் கவனிப்பதில்லை. அர்ச். இராயப்பர் வலைக்காரர். வலை வீசியும், வலையைப் பழுது பார்த்தும் வாழ்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆனால் தேவாலய வரி கேட்டு வந்தபோது, ஆண்டவர் அவரைக் கடலுக்கு அனுப்பியது தூண்டிலோடு. முதலில் வரும் மீனை எடுக்கச் சொன்னார். அதன் வாயில் இருவருக்கும் போதுமான ஒரு நாணயம் இருந்தது. நாலு சுவிசேஷங்களிலும் தூண்டில் வருவது, அர்ச். மத்தேயு சொல்லும் இந்த ஒரே இடத்தில்தான். தேவை ஒரு நாணயம். அதற்கு ஒரு மீன். அதற்கு ஒரு முள். வலையைக் கொண்டுபோயிருந்தால் கரை கொள்ளாத மீனுக்கு நடுவே அந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க நேர்ந்திருக்கும். இதற்கு வேதசாஸ்திரிகள் வேறு ஆழ்ந்த பொருள்கள் சொல்லியிருக்கிறார்கள். மீன் பிடிக்கிறவன் கண்ணுக்கு முதலில் படுவது இந்த அளவுதான்.

உக்கடம் பெரியகுளமானாலும் சிங்காநல்லூர்க் குளமானாலும், கரையில் ஒற்றை மூங்கில் கம்போடு உட்கார்ந்திருப்பவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பின் நுனியில் நரம்பு, அதில் ஒரு தக்கை, ஒரு முள். 1952இல் இலங்கையிலிருந்து நம் நாட்டுக்கு வந்து, எல்லாக் குளங்களிலும் பரவிவிட்ட ஜிலேபிதான் அவனுக்குக் கிடைக்கும். அவனிடம் போய் எந்தக் கோல் என்று கேட்டால் சிரிப்பான். அவன் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டில் எத்தனை பேர், குழம்புக்கு எத்தனை மீன் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கணக்குக்கு அந்தக் கம்பு சரி. நமக்குத்தான் நாலைந்து கோல் இருப்பதால் இவ்வளவு பேச்சும் வேண்டியிருக்கிறது.

சரி, திண்ணைக்குத் திரும்புவோம். இரண்டு கோல். ஒன்று வலுவானது: அடியில் அச்சிட்டிருக்கும் பவுண்டுக் கணக்கைப் பார்த்து, அதற்கேற்ற நரம்பைப் பூட்டுங்கள்; நரம்பு பழசாகி வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அறுந்து தண்ணீரில் தங்கிய நைலான் நரம்பு வருஷக் கணக்கில் மக்காமல் கிடந்து நாரையின் காலையும் கூழைக்கடாவின் அலகையும் சுற்றும். மற்றது சிறியது, இராச் சமையலுக்கு நாலு ஜிலேபி பிடிக்க. ஈயக்குண்டுக்குப் பதில் வேறு உலோகக் குண்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஈயத்தை விழுங்கி அன்னப்பறவைகள் சாகின்றன என்று கண்டு, இங்கிலாந்தில் 1987இலேயே பெரும்பாலான ஈயக்குண்டுகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள். மூன்று கவை கொண்ட முள்ளை வீட்டிலேயே விட்டுவிடலாம். மிச்சமிருப்பது ஒரு நிமிஷ வேலை. முள்ளின் கூருக்குச் சற்றுக் கீழே, கவ்விய மீன் நழுவாதபடி பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எதிர்முள் ஒன்று உண்டல்லவா? வலுவான கோலில் பூட்டிய முள்ளில் மட்டும், அதைக் குறட்டால் பிடித்து அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் சில தப்பும். தப்பாததைக் கழற்றும்போது வாய் கிழியாது. பரிசலுக்கு ஐந்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும். குறடு எங்கே இருக்கிறதென்று இன்றிரவே தேடி வையுங்கள்.